புதிய மீன் எந்த நாளில் இறந்தது?

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடம் புதிதாக வாங்கிய மீன் இறந்துவிட்டது என்று சொன்னால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: இடமாற்றத்தைத் தாங்கவில்லை. என்னுடைய கோரல் பியூட்டி ஏஞ்சல் மீன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட நிறைவதற்குள் இறந்தபோது, கடைக்காரரும் அதையேதான் சொன்னார், பல ஆண்டுகளாகப் பவளத் தொட்டி வளர்க்கும் நண்பரும் அதையேதான் சொன்னார். ஆறுதலாகக் கேட்டுக்கொள்ளலாமே தவிர, அதனால் எந்தப் பயனும் இல்லை. இடமாற்றம் மீனின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பது உண்மைதான் என்றாலும், உயிரை எடுப்பது அதற்குப் பின்னால் வருகிற வேறொன்று: நச்சேறிய நீர், போதாத ஆக்சிஜன், செவுளில் ஏறிய ஒட்டுண்ணி, நிரம்பாத வயிறு, விரட்டிக் கடிக்கும் பழைய மீன் என்று அது ஏதாவது ஒன்றாக இருக்கும். இவை ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கால அளவை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே மீன் எப்படி இறந்தது என்று கேட்பதற்கு முன்னால், வந்த எத்தனையாவது நாளில் இறந்தது என்று கேட்பதே சரியான தொடக்கம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோரல் பியூட்டி, குள்ள ஏஞ்சல் மீன்கள் என்று அழைக்கப்படும் சென்ட்ரோபைகி பேரினத்தைச் சேர்ந்தது; உடலின் ஓரங்களும் துடுப்புகளும் ஆழ்ந்த ஊதா கலந்த நீலமாகவும், நடுப்பகுதி ஆரஞ்சாகவும், அதன் மேல் மெல்லிய கரிய கோடுகள் செங்குத்தாக இறங்குவதாகவும் இருக்கும். இந்தோ-பசிபிக் பவளப்பாறைகளில் பரவலாகக் காணப்படும் இம்மீன், நாள் முழுவதும் பாறைகளைக் கொத்திப் பாசியையும் அதில் ஒட்டியிருக்கும் சிற்றுயிர்களையும் மேய்ந்துகொண்டே இருக்கும். கடைத் தொட்டியில் நான் பார்த்தபோது அது துடிப்பாகத்தான் இருந்தது. உறைந்த மைசிஸ் இறாலைப் போடச் சொல்லிக் கேட்டேன். போட்டவுடன் பாறை இடுக்கிலிருந்து வெளியே வந்து தின்றது. கண்கள் தெளிவாக இருந்தன, துடுப்புகள் கிழிபடவில்லை, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை ஒடுங்கவில்லை. வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை என்று எல்லோரும் சொல்பவற்றில் எந்தக் குறையும் தெரியவில்லை.

வந்த முதல் நாளிலேயே, அதுவும் தொட்டியில் விட்ட சில மணி நேரத்துக்குள் ஒரு மீன் இறந்தால், நோயைத் தேடுவதை விட நீரைத் தேடுவதே முறை. நெடுந்தூரம் பயணம் செய்யும் பையின் உள்ளே நடப்பது ஒரு விசித்திரமான வேதியியல். மீன் மூச்சு விட விடக் கரியமில வாயு நீரில் சேர்ந்து பிஎச் அளவு இறங்குகிறது, அதாவது நீரின் அமிலத்தன்மை கூடுகிறது. கூடவே அதன் செவுள்கள் வெளியேற்றும் அம்மோனியாவும் சேருகிறது. பிஎச் தாழ்ந்திருக்கும் வரை அந்த அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியம் என்ற வடிவத்தில், அதிகத் தீங்கில்லாமல் இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறிப் பிஎச் ஏறத் தொடங்குகிறது. பிஎச் ஓர் அலகு ஏறினால் நச்சுத்தன்மை மிக்க அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிறது. எனவே பல மணி நேரம் பையில் கிடந்து வந்த மீனை, பையைத் திறந்து வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை இறக்கி ஒரு மணி நேரம் பழக்குவது, அக்கறை என்ற பெயரில் அதை நச்சில் ஊற வைப்பதாகவும் முடியலாம். பக்கத்துக் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வந்த மீனுக்கு இந்தக் கவலை இல்லை. அதைப் பொறுமையாகவே பழக்கலாம். இரண்டுக்கும் ஒரே முறையைப் பரிந்துரைக்கும் குறிப்புகள்தான் இன்றும் கடைகளில் மீனோடு சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன.

நீரின் உப்புத்தன்மை இதைவிடக் கள்ளத்தனமானது. பவளங்கள் உள்ள வீட்டுத் தொட்டி கடலைப் போல ஆயிரத்துக்கு 35 பங்கு உப்போடு, அதாவது 1.025 அல்லது 1.026 என்ற ஒப்படர்த்தியில் இருக்கும். மீன் மட்டுமே உள்ள கடைத் தொட்டிகள் பலவற்றில் ஒட்டுண்ணிகளைக் கட்டுப்படுத்தவும் உப்புச் செலவைக் குறைக்கவும் இதை 1.018 வரைகூட இறக்கி வைத்திருப்பார்கள். கடல் மீனின் உடல் திரவத்தில் உள்ள உப்பு, கடல் நீரில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அதன் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட அது கடல் நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுளில் உள்ள தனிச் செல்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. குறைந்த உப்பில் இருந்த மீனைத் திடீரென்று அதிக உப்பில் விட்டால் அந்தச் செல்கள் ஈடுகொடுக்கும் முன்பே உடல் வறண்டுவிடும். உப்பைக் குறைப்பதை மீன் ஓரளவு எளிதாகத் தாங்கிக்கொள்ளும், கூட்டுவதைத்தான் தாங்காது. கடை நீரின் உப்பு அளவை அளந்து, தனிமைத் தொட்டியை, அதாவது புது மீனைப் பெரிய தொட்டியில் விடுவதற்கு முன் தனியாக வைத்துக் கவனிக்கும் சிறு தொட்டியை, முன்கூட்டியே அந்த அளவுக்கு அமைத்து, பிறகு சில நாட்களில் மெல்ல மெல்ல உயர்த்துவதுதான் இதற்கு வழி. அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 என்று குறிக்கப்பட்ட அளவுத் திரவத்தைக் கொண்டு சரிபார்த்திருக்க வேண்டும். வெறும் சுத்த நீரைக் கொண்டு பூஜ்ஜியத்தில் மட்டும் சரிபார்த்த கருவி, நமக்குத் தேவையான இடத்தில் தவறாகக் காட்டக்கூடும்.

என்னுடைய மீன் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. கடை நீரின் உப்பு அளவுக்கே தனிமைத் தொட்டி இருந்தது. அதன் ஸ்பாஞ்ச் ஃபில்டர், பெரிய தொட்டியின் சம்ப்பில் (அதன் நீர் வந்து சுத்தமாகித் திரும்பும் துணைத் தொட்டியில்) பல வாரங்கள் ஊறி, அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் குடியேறியதாக இருந்தது. அம்மோனியாச் சோதனையில் நிறம் மாறவில்லை. ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகளைப் போட்டிருந்தேன். பாறை போடவில்லை, ஏனென்றால் பாறையும் மணலும் பின்னால் மருந்து போட வேண்டி வந்தால் அதை உறிஞ்சிக்கொள்ளும். முதல் இரவு குழாய்க்குள்ளேயே கிடந்த மீன், மறுநாள் வெளியே வந்து கண்ணாடிச் சுவரைக் கொத்திப் பார்த்தது, ஆர்ட்டீமியா என்ற சிற்றிறால் உணவைத் தின்றது. அன்று யாராவது கேட்டிருந்தால், எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடைப்பட்ட காலம்தான் புது மீன்களுக்கு மிகவும் ஆபத்தானது என்பது என் எண்ணம், ஏனென்றால் கடையிலிருந்தோ மொத்த வியாபாரியின் தொட்டியிலிருந்தோ ஏறி வந்த ஒட்டுண்ணிகள் அப்போதுதான் பெருகிக் கணக்கைத் தீர்க்கின்றன. முதலில் மாறியது அதன் மூச்சு. அதுவரை பார்க்காமலேயே கடந்துபோகக் கூடிய அளவுக்கு மெதுவாக இருந்த செவுள் மூடியின் அசைவு, இப்போது தொலைவிலிருந்தே கண்ணில் பட்டது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணியபோது நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியது. அடுத்து, ஃபில்டரிலிருந்து நீர் வந்து விழும் இடத்தில் போய், நீரோட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு நகராமல் நின்றது. அறை விளக்கைப் போட்டதும் குழாயின் நிழலுக்குள் ஒதுங்கியது. உணவைப் பார்த்தது, வாயருகே வந்த துணுக்கை எடுத்து உடனே உமிழ்ந்தது. உடலில் ஒரு புள்ளிகூட இல்லை. இந்தக் கடைசிச் செய்திதான் பலரை ஏமாற்றிவிடும்: வெள்ளைப் புள்ளி இல்லையே, நோய் இருக்காது என்று விட்டுவிடுவார்கள்.

வெல்வெட் நோய் என்று அழைக்கப்படுவதன் காரணம் அமிலூடினியம் ஒசெல்லாட்டம் என்ற ஒரு செல் உயிரி. அது முதலில் தாக்குவது செவுளை. தோலில் மெல்லிய பொன்னிறத் தூள் பூசியது போல் தெரிய ஆரம்பிக்கும்போது மீனுக்குச் சில மணி நேரமே மிஞ்சியிருக்கும், பல மீன்கள் அதற்கு முன்பே இறந்துபோகும். மீனில் ஒட்டிச் சில நாட்கள் தின்று வளர்ந்த பின் அது உதிர்ந்து தொட்டியின் அடியில் கூடு கட்டிப் பிளக்கிறது; ஒரு கூட்டிலிருந்து 256 வரை குஞ்சுகள் நீந்தி வெளியேறலாம். முதல் தலைமுறையை ஒரு திடமான மீன் வெளியே காட்டிக்கொள்ளாமல் தாங்கிவிடும். சிறிய தொட்டியில் அடைபட்ட நிலையில் அடுத்த தலைமுறை ஒன்றாகச் செவுளில் வந்து இறங்கும்போது அதற்கு ஈடுகொடுக்க எதுவும் இருக்காது. இதோடு கடல் நீரின் இன்னொரு குணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான ஆக்சிஜனை வைத்திருக்க முடியும் என்றால், கடல் நீரால் 7 மில்லிகிராமுக்கும் குறைவாகவே முடியும். பாதிச் செவுள் பயனற்றுப்போன மீனுக்கு இந்த வேறுபாடே போதும். நீரோட்டத்தின் வாயில் போய் அது நின்றது ஏன் என்பதும் இதிலிருந்து புரியும்.

அன்றிரவே ஒரு நன்னீர்க் குளியல் கொடுத்தேன். வடிகட்டிய நீரை அதே வெப்பத்துக்கும் அதே பிஎச் அளவுக்கும் கொண்டுவந்து, காற்றுக் கல்லைப் போட்டு, மீனை அதில் 4 நிமிடம் வைத்திருந்தேன். உப்பு நீரில் வாழப் பழகிய ஒட்டுண்ணிகளில் ஒரு பகுதி நன்னீரில் வெடித்தோ விடுபட்டோ விழுந்துவிடும். மீன் அந்தச் சில நிமிடங்களைத் தாங்கிக்கொள்ளும். இது சிகிச்சை அல்ல, செவுளுக்குக் கிடைக்கும் ஒரு சிறு அவகாசம் மட்டுமே. உண்மையான மருந்து செம்பு. அயனிச் செம்பு என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை, இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். கட்டுண்ட நிலையில் வரும் செம்பு மருந்துகளுக்கு இதைவிடப் பல மடங்கு அதிகமான அளவு சொல்லப்பட்டிருக்கும் என்பதால், ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது கொலையாகிவிடும். செம்பு நீரில் நீந்தும் குஞ்சுகளை மட்டுமே கொல்கிறது. செவுளில் ஏற்கெனவே வேரூன்றியவற்றைத் தொடுவதில்லை. குள்ள ஏஞ்சல் மீன்கள் செம்பு விஷயத்தில் மென்மையானவை என்பதால் அளவை மெதுவாக ஏற்றுவதுதான் வழக்கம். ஆனால் வெல்வெட் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மீனுக்குச் செய்யக்கூடியது உண்மையில் மிகக் குறைவு. குளியலுக்குப் பின் மூச்சு சற்றுத் தணிந்தது, பிறகு மறுபடி ஏறியது, விடியலில் வாயும் செவுள் மூடிகளும் விரியத் திறந்தபடி அடியில் கிடந்தது.

இறந்த மீனை உடனே எடுத்து வீசிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது, அதற்குக் காரணமும் இருக்கிறது, பார்க்கப் பிடிக்காது. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அந்தச் சில நிமிடங்கள்தான், ஏனென்றால் ஒட்டுண்ணிகள் இறந்த உடலில் நெடுநேரம் தங்குவதில்லை. செவுள் மூடியை இடுக்கியால் தூக்கி, சிறு கத்தரிக்கோலால் செவுள் இழைகளின் நுனியில் ஒரு துணுக்கை வெட்டி, தொட்டி நீரின் ஒரு சொட்டோடு கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரணக் கருவியே இதற்குப் போதும். 100 மடங்கு பெருக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. வரிசையாக அடுக்கிய செவுள் இழைகளுக்கு நடுவில், பேரிக்காய் வடிவத்திலும் உருண்டையாகவும், ஒளி ஊடுருவாத பழுப்பு நிறத்தில், ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு அவை ஒட்டியிருந்தன. எதுவும் அசையவில்லை. தகட்டின் ஓரத்தில் ஒரு துளி அயோடின் கரைசலை விட்டேன். உள்ளே மாவுச்சத்து இருப்பதால் அவை ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டே வந்தன. செவுளின் இயல்பான சிவப்பு எங்கும் இல்லை, இழைகள் வீங்கி வெளிறிப் போயிருந்தன. அதன் பிறகு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

அசையாமை என்பது இங்கே முக்கியமான அடையாளம். வெண்புள்ளி நோய்க்குக் காரணமான கிரிப்டோகேரியான் இரிட்டான்ஸ் ஆக இருந்தால், தோலுக்கடியில் உருண்டையாக, உடலெங்கும் உள்ள நுண்மயிர்களால் மெல்லச் சுழன்றுகொண்டே இருப்பது தெரியும். கோமாளி மீன்களைப் பெரிதும் தாக்கும் ப்ரூக்லினெல்லா ஹோஸ்டிலிஸ் ஆக இருந்தால், அதுவும் வேகமாக நகரும். வெளியே மீனின் தோல் சளிப்படலமாக உரிந்து தொங்கும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ப்ரூக்லினெல்லாவுக்குச் செம்பு சரிவர வேலை செய்யாது, ஃபார்மலின் வேண்டும். வெண்புள்ளிக்கு உப்பை 1.009 வரை குறைத்து வைக்கும் முறை உதவும், வெல்வெட்டுக்கு அது உதவவே உதவாது, ஏனென்றால் அந்த உயிரி குறைந்த உப்பிலும் வாழும். பெயர் தெரியாமல் மருந்தைப் போடுவது வெறும் செலவோடு நிற்பதில்லை, நேரத்தையும் தின்றுவிடுகிறது. இந்த நோய்களில் நேரம்தான் இல்லை.

இரண்டு வாரம் தாண்டிய பிறகு நிகழும் மரணங்கள் வேறு வகை. அங்கே முதல் சந்தேகம் பட்டினி மேல் விழ வேண்டும். மாண்டரின் மீன் தொட்டிக்குள் கோபிபாட் எனப்படும் நுண்ணிய ஓட்டுயிர்களை நாள் முழுவதும் தேடித் தின்று வாழ்வது. புதிய தொட்டியில் அவை போதுமான அளவு இருக்காது என்பதால், அழகாக நீந்திக்கொண்டே மாதக்கணக்கில் மெலிந்து இறக்கும். நீண்ட மூக்கும் செம்புப் பட்டைகளும் கொண்ட காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன் உறைந்த உணவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருப்பது அடிக்கடி நடக்கும். பழைய மீன்களின் அடக்குமுறையும் இந்தக் காலத்தில்தான் பலன் தரும்: கடித்த காயம் தெரியாவிட்டாலும், மூலையில் ஒதுக்கப்பட்ட மீன் உணவருகே வரத் துணியாது.

இன்னொரு வகை இழப்பும் உண்டு, உடலே கிடைக்காத இழப்பு. ஃபயர்ஃபிஷ் போன்றவை மூடியில்லாத தொட்டியிலிருந்து இரவில் துள்ளி விழுந்து, அலமாரிக்குப் பின்னால் காய்ந்து கிடப்பதைப் பல வாரம் கழித்துக் கண்டெடுத்தவர்கள் இருக்கிறார்கள். சில ராஸ் மீன்களோ புதிய இடத்துக்கு வந்தவுடன் மணலுக்குள் புதைந்துகொண்டு பல நாள் வெளியே வராது. அவற்றைத் தேடுகிறேன் என்று பாறைகளைப் பிரித்துப் போடுவது அவற்றுக்குச் செய்யும் பெரிய தீங்கு. இறந்த சிறு மீனைப் பிரிசில் புழுக்களும் ஹெர்மிட் நண்டுகளும் ஓர் இரவில் தடயமில்லாமல் செய்துவிடும். காலையில் எலும்பின் மேல் நண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் நண்டுதான் கொன்றது என்று முடிவு கட்டி, ஒரு பாவமும் அறியாத நண்டைக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். நலமாக உள்ள மீனை அந்த நண்டால் பிடிக்கவே முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மீன் கடந்துவந்த பாதை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி வாங்குபவருக்கு எதுவும் தெரிவதில்லை. பிடித்தவர், சேகரிப்பவர், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடை என்று கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் மீன் பிற மீன்களோடு ஒரே நீரில் நிற்கிறது. பயண நீர் கெடாமல் இருக்க ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பட்டினி போடப்படுகிறது. பல தொட்டிகளை ஒரே குழாய் வரிசையில் இணைத்திருக்கும் இடங்களில் ஒரு மீனின் ஒட்டுண்ணி எல்லாவற்றுக்கும் போகிறது. 1960-களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிப் பின்னர் பிற நாடுகளுக்கும் பரவிய சயனைடு பிடிப்பு முறை இன்னும் முழுமையாக ஒழியவில்லை. பாறை இடுக்கில் அந்த நச்சைப் பீய்ச்சி மயங்கி வரும் மீனைக் கையால் எடுப்பார்கள், அருகிலுள்ள பவளமும் சேர்ந்து சாகும். பண்ணையில் பிறந்த மீன்களுக்கு நான் ஆதரவாக இருப்பது இதனால்தான். கோமாளி மீன்கள் பல பத்தாண்டுகளாகவே பண்ணைகளில் பெருக்கப்படுகின்றன. மிகக் கடினம் என்று கருதப்பட்ட மஞ்சள் டாங் மீனைக்கூட 2015-இல் ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டியது. கோரல் பியூட்டியும் இப்போது சில பண்ணைகளிலிருந்து வருகிறது. விலை கூடுதல், உருவம் சிறியது, நிறமும் தொடக்கத்தில் சற்று மங்கல். இருந்தாலும் தட்டிலிருக்கும் உணவு என்னவென்று அதற்கு முன்பே தெரியும், கை மாறிய இடங்களும் குறைவு.

தனிமைத் தொட்டியே மீனை வாட்டுகிறது, நேரடியாகப் பெரிய தொட்டியில் விட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று நண்பர் வாதிட்டார். இதில் ஓரளவு நியாயம் உண்டு: பெரிய நீர்ப்பரப்பில் ஒட்டுண்ணிக் குஞ்சுகள் மீனைத் தேடிப் பிடிப்பது கடினம், மேய்வதற்குப் பாறையும் இருக்கிறது. ஆனால் என் செவுள் துணுக்கில் கண்டது அந்தத் தொட்டிக்குள் போயிருந்தால், அங்கே இருக்கும் எல்லா மீன்களையும் பிடித்து வெளியே எடுக்கப் பவளங்கள் ஒட்டிய பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்திருக்க வேண்டும். செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும் என்பதால் உள்ளே வைத்து மருந்து போட வழியே இல்லை. பிறகு குறைந்தது ஆறு வாரம் மீனில்லாமல் தொட்டியை வெறுமையாக விட்டிருக்க வேண்டும். ஒரு மீனைக் காப்பாற்றும் வாய்ப்புக்காக எட்டு மீன்களைப் பந்தயம் வைக்க எனக்கு மனமில்லை. உண்மையான விவாதம் வேறு இடத்தில் இருக்கிறது: புது மீனை முதலில் கவனித்து, அறிகுறி தெரிந்த பின் மருந்து போடுவதா, அல்லது வந்த நாளிலிருந்தே செம்பை ஏற்றுவதா? தேவையில்லாத மீனுக்கு நச்சைக் கொடுப்பானேன் என்ற எண்ணத்தால் இதுவரை முதல் பக்கமே நின்றவன் நான். வெல்வெட்டைப் பொறுத்தவரை அறிகுறி தெரிந்த பிறகு மருந்துக்கு நேரம் மிஞ்சுவதில்லை என்பதால், பல கைகள் மாறி வரும் கடல் மீனுக்கு இரண்டாம் வழியே நியாயமானது என்று இப்போது படுகிறது. ஏஞ்சல் மீன் என்றால் மூச்சையும் பசியையும் தினமும் பார்த்துக்கொண்டு படிப்படியாக ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கடை உத்தரவாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில நாட்களுக்குள் இறந்தால் பாதித் தொகையைக் கழித்துக்கொள்வதாகப் பல கடைகள் சொல்கின்றன, நீரைச் சோதித்துக் காட்டச் சொல்கின்றன. நீர்ச் சோதனை முதல் நாள் மரணத்துக்குப் பொருத்தமானது. ஒட்டுண்ணி மரணத்துக்கு அது எதையும் காட்டாது. என் நீர் முடிவுகளைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறதே என்று வியந்தவரிடம் நுண்ணோக்கியில் கைப்பேசியை வைத்து எடுத்த படத்தைக் காட்டினேன். பார்த்தார், பேச்சை மாற்றினார், தொகையைக் கழித்துக்கொண்டார். அந்த மீன் நின்ற தொட்டியில் இருந்த மற்ற மீன்கள் அன்றும் விற்பனையில்தான் இருந்தன, அதில் ஒன்று நீரோட்டத்தின் வாயில் நின்றுகொண்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன், பார்க்கிறேன் என்றார்.

தனிமைத் தொட்டியைக் காலி செய்து, கண்ணாடி, ஹீட்டர், குழாய்கள் எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலில் ஊற வைத்துக் கழுவி, வெயிலில் முழுவதும் காய விட்டேன். காய்வதை இந்த உயிரிகள் எந்தப் பருவத்திலும் தாங்குவதில்லை. காற்றுக் கல்லிலிருந்து தெறிக்கும் நுண்ணிய நீர்த்திவலைகள் வழியாகவும் வெல்வெட் பரவக்கூடும் என்பதால், இனி அந்தத் தொட்டி பெரிய தொட்டி இருக்கும் அறையில் இருக்காது, வலையும் வாளியும்கூடத் தனித்தனி. பழைய ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதொன்றைச் சம்ப்பில் போட்டிருக்கிறேன். அதில் பாக்டீரியா நன்றாகப் பிடித்து, அம்மோனியாவை ஊற்றிச் சோதித்தால் ஒரு நாளில் காணாமல்போகும் நிலை வரும் வரை எந்த மீனையும் வாங்குவதாக இல்லை. அதற்குப் பிறகு, பண்ணைக் கோரல் பியூட்டிக்குக் கடையில் பெயர் எழுதி வைக்க வேண்டும்.